பத்து லட்சத்து ஒன்று

வகுபடும். யார் என்ன சொன்னாலும் வகுபடும். பரமக்குடி பஸ் ஸ்டாண்டில் ராமநாதபுரம் பஸ்ஸில் ஏறி, மூன்றாவது வரிசையில் ஜன்னலோரமாக இடம் பிடித்து உட்கார்ந்ததும் மங்களேஸ்வரி மனசுக்குள் சொல்லிக்கொண்ட முதல் வார்த்தை அதுதான். காலையில் பல் தேய்க்கும்போதும் அதையேதான் சொன்னாள். இட்லித் தட்டில் மாவு ஊற்றும்போதும் அதையேதான். மடியில் கைப்பை, கைப்பைக்குள் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் ஒரு தாள், தாளில் மூன்று வரி. மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறன் தேர்வு நடத்தும் கணித மன்றம் அனுப்பிய வரிகள். அவள் எழுதியதாக அவர்களே எழுதி அனுப்பியிருந்தார்கள். 'பதினான்காம் கேள்விக்கு, கவனக்குறைவால், விடைக்குறிப்புக்கு மாறாக மதிப்பெண் வழங்கிவிட்டேன். அதற்காக வருந்துகிறேன். அந்த ஐந்து மதிப்பெண்களை நீக்கிவிடலாம்.' கீழே அவள் பெயர், அதற்கு மேல் கையெழுத்துக்குக் கொஞ்சம் இடம். பதினொரு மணிக்கு மன்றத்தின் செயலர் திருமேனிநாதன் முன்னால் அந்த இடத்தை நிரப்ப வேண்டும். நிரப்பினால் ஜூன் மாதம் அவள் தலைமை ஆசிரியை, ஏனென்றால் அவள் வேலை பார்க்கும் பள்ளியின் நிர்வாகக் குழுவிலும் திருமேனிநாதன்தான் பெரிய கை. நிரப்பாவிட்டால் இல்லை. அவர் அப்படி வாய்விட்டுச் சொல்லவில்லை. 'ஜூன்ல நல்லது நடக்கணும்ல டீச்சர்' என்று போனில் சிரித்தார், அவ்வளவுதான். கவனக்குறைவு. அந்த ஒரு சொல்லைத்தான் மூன்று நாளாக அவளால் தாண்ட முடியவில்லை. இருபத்து மூன்று வருஷ வேலையில் அவள் கவனமாக இருந்த ஒரே நிமிஷத்துக்கு இவர்கள் வைத்த பெயர் கவனக்குறைவு. டிரைவர் ஏறி உட்கார்ந்து ஹாரனை ஒருமுறை அடித்துப் பார்த்தார். பஸ் நடுங்கிக்கொண்டு கிளம்பியது.

கேள்வி சின்னதுதான். 10,00,001 பகா எண்ணா, பகு எண்ணா? காரணம் கூறுக. ஐந்து மதிப்பெண். தன்னையும் ஒன்றையும் தவிர வேறு எதற்கும் மீதியில்லாமல் வகுபடாமல் அடம் பிடிக்கிற எண்தான் பகா எண், அதை ஆறாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். திருத்துகிற முப்பத்தொரு ஆசிரியர்களுக்கும் கொடுத்த விடைக்குறிப்பில், எல்லோரும் கீ, கீ என்கிறார்களே அதில், 'பகா எண்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பார்த்தால் அப்படித்தான் தோன்றும். முன்னால் ஒரு ஒன்று, பின்னால் ஒரு ஒன்று, நடுவில் ஐந்து பூஜ்யம். இந்தப் பக்கமிருந்து படித்தாலும் அந்தப் பக்கமிருந்து படித்தாலும் அதே எண். வாசலில் ஒருத்தன், கொல்லையில் ஒருத்தன் காவல் நிற்கிற காலி வீடு மாதிரி. உள்ளே யார் நுழைய முடியும்? அவளுக்குக் கொடுத்த தாள்கட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு தாள், எடுத்ததிலெல்லாம் பகா எண், பகா எண், பகா எண். கை அதுபாட்டுக்கு டிக் போட்டுக்கொண்டே வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம், கண்ணைச் சொக்குகிற வேளையில், 3107 என்று எண்ணிட்ட ஒரு தாள். பெயர் கிடையாது, பள்ளி கிடையாது, திருத்துகிறவர்களுக்கு எண் மட்டும்தான் தெரியும். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. ஒன்பதின் வாலை உள்பக்கம் சுருட்டி எழுதுகிற பிள்ளை. அந்தப் பிள்ளை 'பகு எண்' என்று எழுதியிருந்தது. மங்களேஸ்வரி தப்பு என்று பெருக்கல் குறி போட்டாள். சிவப்பு மையில், பெரிதாக, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும், படிக்காமல். போட்டாள்தான். அதை நினைக்கும்போது பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறவளுக்குக் காது மடல் சுட்டது. பத்து நிமிஷம் அந்தக் குறி அப்படியே கிடந்தது. அடுத்து நான்கு தாள் திருத்தினாள், தண்ணீர் குடித்தாள், பக்கத்து மேஜைக்காரியோடு சம்பளக் கமிஷனைப் பற்றிப் பேசினாள். அதற்கு அப்புறம்தான் ஏதோ உறுத்தி, அந்தச் சுருட்டின வால் ஒன்பதுதான் உறுத்தியது போல, 3107ஐத் திரும்ப எடுத்தாள். குறிக்குக் கீழே இரண்டே வரி. '1 00 00 01 என்று இரண்டிரண்டாகப் பிரித்தேன். வலது பக்கமிருந்து ஒன்றுவிட்டு ஒன்று கழித்துக் கூட்டினால் 01 − 00 + 00 − 1 = 0. ஆகவே 101ஆல் வகுபடும். 101 × 9901.' அவ்வளவுதான். அதற்குக் கீழே வெறும் தாள்.

அங்கேயே ஓரத்தில் பெருக்கிப் பார்த்தாள். 9901ஐ நூறால் பெருக்கினால் ஒன்பது லட்சத்துத் தொண்ணூறாயிரத்து நூறு. அதோடு இன்னொரு 9901. ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று. கூட்டு. கூட்டினால் பத்து லட்சத்து ஒன்று. பெருக்கல் குறியை அடித்துவிட்டு ஐந்து போட்டாள். இப்போது பஸ்ஸிலும் கூட்டினாள், விரலை மடக்கி, ஜன்னல் கம்பியில் தட்டி. மூன்று நாளில் முன்னூறு தடவை கூட்டியிருப்பாள், ஒரு தடவைகூட வேறு மாதிரி வரவில்லை. ஆனால் பயம் ஒன்று இருக்கிறதே, அதற்குக் கணக்குத் தெரியாது. முப்பது பேர் ஒரு பக்கம், நீ ஒருத்தி ஒரு பக்கம், அவர்களில் எம்.எஸ்ஸி. கோல்டு மெடல் வாங்கினவர்களும் இருக்கிறார்கள், நீ தபாலில் படித்துப் பட்டம் வாங்கினவள், உனக்கு மட்டும் எப்படி வகுபடும் என்று அது கேட்கும். உடனே மறுபடியும் கூட்டுவாள். மறுபடியும் அதே பத்து லட்சத்து ஒன்று. எண்ணுக்கு யார் எம்.எஸ்ஸி., யார் தபால் என்று தெரியாது. அதுதான் அதனிடம் அவளுக்குப் பிடித்த குணம். சின்ன வயசிலிருந்து பிடித்த குணம், சாதியும் சட்டையும் பார்க்காத ஒரே ஆள்.

கீயை எழுதினவர் எங்கே சறுக்கினார் என்பதும் அவளுக்குத் தெரியும். தெரியாமல் என்ன, அவளே அங்கேதானே சறுக்கினாள். கீயிலேயே எழுதியிருந்தது: 'இரண்டு முதல் தொண்ணூற்றேழு வரையுள்ள எந்தப் பகா எண்ணாலும் வகுபடாது, ஆகவே பகா எண்.' ஏன் தொண்ணூற்றேழு? ஏனென்றால் தமிழ்நாட்டில் எந்த வகுப்பறைக்குள் போனாலும் சுவரில் நூறு கட்டம் தொங்கும். பத்துக்குப் பத்துக் கட்டம், ஒன்றிலிருந்து நூறு வரை, பகா எண்ணெல்லாம் சிவப்பில். இரண்டில் தொடங்கித் தொண்ணூற்றேழில் முடியும் இருபத்தைந்து எண்கள். அதற்கப்புறம் கீழ் ஓரத்து ஆணி, அதற்கப்புறம் சுண்ணாம்புச் சுவர். அந்தப் படத்தைப் பார்த்தே படித்து, அந்தப் படத்தைக் காட்டியே நடத்தி, கணக்கு வாத்தியார்களுக்குப் பகா எண் என்றால் தொண்ணூற்றேழோடு கடை சாத்திவிடுகிறது. அவள் வகுப்பில் தொங்குவது அவளே சார்ட் பேப்பர் வாங்கி வரைந்தது. பத்து லட்சம் என்றால் ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கினது, அப்படியானால் ஆயிரம் வரைக்கும் தேட வேண்டாமா? ஆயிரத்துக்குள் பகா எண்கள் நூற்று அறுபத்தெட்டு. இவர்கள் தட்டிப் பார்த்தது இருபத்தைந்து கதவு. வேடிக்கை என்னவென்றால் அந்த எண்ணும் லேசுப்பட்டதில்லை. ஏழால் வகுத்தால் இரண்டு மிஞ்சும், பதினொன்றால் வகுத்தாலும் இரண்டு, பதிமூன்றாலும் இரண்டு, முப்பத்தேழாலும் அதே இரண்டு. எண்பத்தொன்பதுக்கு இன்னும் ஒரு மூன்று இருந்தால் போதும் என்கிற அளவுக்குக் கிட்டே வந்து நழுவும். தொண்ணூற்றேழில் இருபத்தெட்டு மிச்சம். இருபத்தைந்து பேருக்கும் பிடி கொடுக்காமல் நூறைத் தாண்டி, அப்பாடா தப்பித்தோம் என்று ஒரு அடி வைக்கிறது, அந்த முதல் அடியில், நூற்றியொன்றில் மாட்டிக்கொள்கிறது. ஆணி அடித்த இடத்துக்கு ஒரு விரல்கடை கீழே. இன்னும் ஒரே ஒரு எண் பார்த்திருந்தால். ஒரே ஒன்று.

"ஒரு நம்பருக்காகவா?" என்றார் காலையில் சாத்தையா. சாத்தையா அவள் புருஷன், சந்தைக்கடைத் தெருவில் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கிறவர், அதிர்ந்து ஒரு சொல் பேசாதவர். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவளிடம், வாசற்படியில் நின்று, தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "போட்டுட்டு வந்துரு மங்களம். எட்டு வருசமா அந்த நாற்காலிக்குக் காத்துக் கெடக்க. ஒரு நம்பருக்காகவா அதை விடுவ?" அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். பதில் சொல்லியிருந்தால் சண்டையாகியிருக்கும், பஸ் போயிருக்கும். இப்போது, பஸ் சத்திரக்குடிக்கு முன்னால் கருவேலங்காட்டுக்கு நடுவே புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடும்போது, சொல்லாமல் விட்ட பதிலெல்லாம் வரிசை கட்டி வந்தன. நீங்களா கேட்கிறீர்கள், ஒரு நம்பருக்காகவா என்று? ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்து, மயக்கம் தெளிய நேரமாகி, மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதுகொண்டே பிள்ளையாருக்கு நூற்றியொரு தேங்காய் வேண்டிக்கொண்டது யார்? பிழைத்து வந்து, சாக்கில் தேங்காய் கொண்டுபோய், கோவில் வாசல் கல்லில் ஒவ்வொன்றாக உடைத்து, எண்ணி எண்ணி உடைத்து, நூறோடு சாக்குக் காலியாகிவிட்டது. கடைக்காரன் ஒன்று குறைத்துக் கட்டிவிட்டான். உச்சி வெயில், அவளுக்கு நிற்க முடியவில்லை, தையல் இழுத்தது. "நூறு போதாதா உங்க பிள்ளையாருக்கு? விடுங்களேன்" என்றாள். மனுஷன் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் போய், கடை சாத்தியிருக்க, கடைக்காரன் வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பி, ஒற்றைத் தேங்காயைக் கையில் பிடித்துக்கொண்டு வியர்த்து வழிய வந்து நின்றார். "நூறுன்னா முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம் மங்களம். நூத்தியொண்ணுன்னாத்தான் இன்னும் இருக்குன்னு அர்த்தம்." சொல்லிவிட்டு உடைத்தார். சில்லு அவள் காலடி வரைக்கும் தெறித்தது. அந்த மனுஷன்தான் இன்றைக்கு நூறோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார். அவளுக்குக் கோபமாக வந்தது, கூடவே அழுகையும் வந்தது. தன் வேண்டுதலுக்கு என்றால் கடைக்காரன் தூக்கத்தைக் கெடுக்கிறவர், அவளுக்கு ஒரு நாற்காலி என்றதும் பயந்துவிட்டார், பாவம். பாவம் என்று நினைத்தபோதும் கோபம் குறையவில்லை.

கோபத்தில் வாய் அசைந்துவிட்டது போலிருக்கிறது. பக்கத்தில் கருவாட்டுக் கூடையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். "என்னம்மா பத்து லச்சத்து ஒண்ணுங்கிற? சீட்டு கீட்டுப் போட்டு ஏமாந்துட்டியா?" என்றாள் அக்கறையாக. "இல்லம்மா, ரூவா இல்ல. நம்பர்." "வெறும் நம்பரா?" "வெறும் நம்பர்தான்." "அதுக்கா இம்புட்டு வெசனம்?" "அது பிரியும்னு நான் சொல்றேன். பிரியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுன்னு கூப்புடுறாங்க." அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "பிரியுமா, பிரியாதா? நீ பார்த்தியா?" "பார்த்தேன்." "பெறகென்ன?" என்றுவிட்டு, ஏதோ பெரிய விஷயம் முடிந்துவிட்டது போல, கூடையைத் தூக்கிக்கொண்டு சத்திரக்குடியில் இறங்கிப் போனாள். கருவாட்டு வாசம் மட்டும் சீட்டில் தங்கியது.

பெறகென்ன என்றால், நாற்காலி. எட்டு வருஷம். அந்த அறையின் பச்சைத் திரைச்சீலையை மாற்ற வேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருக்கிறாள், பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போட வேண்டும் என்று எத்தனை மனு எழுதியிருக்கிறாள். நாற்காலி கிடைத்தால் ஒரே நாளில் போடலாம். ஒரு ஐந்து மதிப்பெண்ணைக் கொடுத்துவிட்டு நானூறு பிள்ளைக்குத் தாழ்ப்பாள் வாங்கலாமே, அது நல்ல பேரம் இல்லையா? இந்த யோசனை நல்லவன் வேஷத்தில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது, கருவாட்டு அம்மாள் எழுந்த இடத்திலேயே. அவள் அதை முறைத்துப் பார்த்தாள். அந்த 3107 பிள்ளை வீட்டுக்குப் போயிருக்கும். முடிவு வந்தபின் தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம் என்று விதி இருக்கிறது, பார்க்கும். பதினான்காம் கேள்வியில் பெருக்கல் குறி, அதன் மேல் அடித்து ஐந்து, அதன் மேல் அடித்துப் பூஜ்யம். சரி போல, இது வகுபடாது போல என்று நினைத்துக்கொள்ளும். தன் கணக்கைத் தானே நம்பாமல் போகும். அப்படி ஒரு தடவை போய்விட்டால் திரும்ப வருவது எவ்வளவு கஷ்டம் என்று மங்களேஸ்வரிக்குத் தெரியும், அவள் போய்விட்டு வந்தவள். இன்னொரு சாட்சியும் அவளிடம் இருந்தது. நேற்று மத்தியானம் சோற்றுக்கு உலை வைத்துவிட்டுக் கண்டுபிடித்தது. ஆயிரத்தின் வர்க்கத்தோடு ஒன்றின் வர்க்கத்தைக் கூட்டினால் பத்து லட்சத்து ஒன்று, அது பார்த்தாலே தெரிகிறது. ஆனால் தொள்ளாயிரத்து எண்பதின் வர்க்கத்தோடு நூற்றுத் தொண்ணூற்றொன்பதின் வர்க்கத்தைக் கூட்டினாலும் அதே பத்து லட்சத்து ஒன்று. 9,60,400, அதோடு 39,601. ஒரு பகா எண் இரண்டு வர்க்கமாகப் பிரிந்தால் ஒரே ஒரு விதமாகத்தான் பிரியும். இரண்டு விதமாகப் பிரிந்தால் அது பகா எண்ணே இல்லை, பொய்சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உலை பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல் அவள் அந்தக் கூட்டலையே பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொன்னால், கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷம் இல்லை. இதை விட்டுக்கொடுத்துவிட்டு எந்த நாற்காலியில் உட்கார்ந்து எந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுப்பது? தாழ்ப்பாளை அவள் கைக்காசு போட்டு வாங்குவாள். சாத்தையா பொருத்திக் கொடுப்பார். அச்சுந்தன்வயல் தாண்டியது. வகுபடும், வகுபடும் என்று பஸ் சக்கரமும் சேர்ந்து சொல்வது போல இருந்தது.

மன்றத்து அறையில் திருமேனிநாதன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பழைய போட்டோக்களை வைத்திருந்தார். நாற்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர், நல்ல வாத்தியார் என்று பெயர். "வாங்க டீச்சர். வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க. கொண்டு வந்தீங்களா?" அவள் தாளை எடுத்து வைத்தாள். "சார், ஒரே ஒரு தடவை. நூத்தியொண்ணால நீங்களே வகுத்துப் பாருங்க." "இப்ப அதுவாம்மா பிரச்சினை? முடிவு சொல்லியாச்சு, பரிசு குடுத்தாச்சு, போட்டோ பேப்பர்ல வந்தாச்சு. முப்பது பேரும் கீயைப் பார்த்துத்தான் போட்டாங்க." "கீ யாரு சார் எழுதுனது?" திருமேனிநாதன் தலைக்கு மேல் சுற்றும் காற்றாடியைப் பார்த்தார். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கோபப்படத்தான் வந்திருந்தாள், ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் சுவரில் தொங்கும் நூறு கட்டம்தான் ஞாபகம் வந்தது. தானும் போட்டாளே ஒரு பெருக்கல் குறி. கைப்பையில் துழாவினாள், சிவப்புப் பேனாதான் கிடைத்தது. தாளைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தில், நிறுத்தி நிதானமாக எழுதினாள்.

'பதினான்காம் கேள்விக்கு, 3107 எண்ணுள்ள தாளில், கவனக்குறைவால், முதலில் தவறு என்று குறியிட்டுவிட்டேன். அந்தக் குறி பத்து நிமிடம் இருந்தது. அதற்காக வருந்துகிறேன். விடை சரி. அந்த ஐந்து மதிப்பெண்களில் யாரும் கை வைக்கக் கூடாது.' கையெழுத்துப் போட்டாள். தேதியும் போட்டாள்.

அவர் இரண்டு தடவை படித்தார். "யோசிச்சுத்தான் எழுதுனீங்களா டீச்சர்? ஜூன் மாசத்தையும் சேர்த்து யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன் சார். இந்தத் தடவை நூறோட நிக்காம யோசிச்சேன்."

எழுந்து கும்பிட்டாள். வாசலில் செருப்பைக் காலால் தேடும்போது திரும்பிப் பார்த்தாள். அவள் போய்விட்டதாக நினைத்துத் திருமேனிநாதன் குனிந்திருந்தார். அவருடைய ஆள்காட்டி விரல் மேஜைக் கண்ணாடி மேல் எழுதிக்கொண்டிருந்தது. ஒரு ஒன்று. கொஞ்சம் இடம் விட்டு இரண்டு பூஜ்யம். இடம் விட்டு இன்னும் இரண்டு. அப்புறம் பூஜ்யமும் ஒன்றும். விரல் வலது ஓரத்திலிருந்து திரும்பி, ஒவ்வொரு ஜோடியாகத் தொட்டுக்கொண்டு வந்து, கடைசியில் ஒரு சின்ன வட்டம் போட்டு, அங்கேயே நின்றது. மங்களேஸ்வரி செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.